வழியில் ஒரு தோட்டம்

பள்ளி விடுமுறை தொடங்கியதும் வடக்கு–தெற்கு நெடுஞ்சாலையில் வாகனங்கள் நெருக்கியடித்துக்கொண்டு நகரும். கோலாலம்பூர், சிலாங்கூர் பகுதிகளிலிருந்து புறப்படும் குடும்பங்களில் பல, பேராக் மாநிலத்தை நாடிச் செல்கின்றன. ஒரு வாரத்தை இன்பமாகக் கழிக்க வேண்டிய யாவும் அங்கே உள்ளன. தம்புனில் வெந்நீர் ஊற்றும் நீர்ச்சறுக்குகளும் கொண்ட கேளிக்கைப் பூங்கா உண்டு. ஈப்போவைச் சுற்றிச் சுண்ணாம்புக்கல் மலைகளும் குகைக் கோயில்களும் உண்டு. தைப்பிங்கில் ஏரிப் பூங்காவும் விலங்குக் காட்சிச்சாலையும் காத்திருக்கின்றன. லூமுட்டில் படகேறினால் பங்கோர் தீவின் மணற்கரை வந்துவிடும். நாளுக்கு ஓர் இடம் என்று வைத்துக்கொண்டால்கூட ஏழு நாள் போதாது.

இத்தனை இடங்களையும் பார்த்துத் திரும்பும் தமிழ்க் குடும்பம் ஒன்று, தான் பார்க்காமல் வந்த இடம் எது என்று எண்ணிப் பார்த்தால் வியப்படையும். அந்த இடம் போகும்போதும் வரும்போதும் சாலையின் இரு பக்கமும் இருந்தது. கம்பார், கோப்பெங், பத்து காஜா, சுங்கை சிப்புட் என வழிநெடுக இருந்தது. அதுதான் தோட்டம். அந்தக் குடும்பத்தின் தாத்தாவோ பாட்டியோ பிறந்து வளர்ந்த இடமாகக்கூட அது இருக்கலாம். ஆயினும், விடுமுறைத் திட்டத்தில் அதன் பெயர் இடம்பெறுவதில்லை. இடம்பெற வேண்டும் என்பதே இங்கு வலியுறுத்தப்படும் கருத்து.

அதற்காகக் கேளிக்கைப் பூங்காவுக்குப் போவதே வீண் என்று யாரும் முடிவுகட்ட வேண்டியதில்லை. நுழைவுச் சீட்டின் விலையைக் கேட்டதும் காசைத் தண்ணீராய்ச் செலவழிக்கிறார்கள் என்று முணுமுணுக்கும் பெரியவர்கள் எல்லாக் குடும்பங்களிலும் இருக்கிறார்கள். அவர்கள் வளர்ந்த காலத்தைத் தெரிந்துகொண்டால் அந்த முணுமுணுப்பின் காரணம் புரியும். ஓய்வு நாள் என்பதன் பொருளே அன்று வேறாக இருந்தது.

ரப்பர் தோட்டத்தில் வேலை விடியற்காலை இருட்டிலேயே தொடங்கிவிடும். முதலில் பெரட்டுக் களத்தில் கூடிப் பெயர் கொடுக்க வேண்டும். பிறகு தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு அவரவர் நிரைக்குச் செல்ல வேண்டும். இருட்டில் போவதற்குக் காரணம் உண்டு. வெயில் ஏறுவதற்குமுன் மரத்தில் நீரழுத்தம் மிகுந்திருக்கும். அப்போதுதான் பால் நன்கு இறங்கும். வெயில் ஏற ஏறப் பால் குறைந்து, வெட்டுக்கோடு அடைபட்டுப் போகும். ஒரு தொழிலாளி ஒரு நாளில் 400 அல்லது 500 மரங்களைச் சீவ வேண்டியிருக்கும். ஒவ்வொரு மரத்திலும் ஏறத்தாழ ஒன்றரை மில்லிமீட்டர் கனத்திற்குத்தான் பட்டையைச் சீவலாம். உளி அளவுக்குமேல் ஆழமாக இறங்கினால் உள்ளிருக்கும் வளர்படை காயப்பட்டு, பட்டை முண்டும் முடிச்சுமாக வளர்ந்துவிடும்; பின்னர் அந்த இடத்தில் பால் வெட்ட முடியாது. ஆழம் குறைந்தாலோ பால் வராது. தலைவிளக்கின் சிறு வெளிச்சத்தில், கொசுக்கடிக்கு நடுவே, நூற்றுக்கணக்கான மரங்களில் இந்த அளவு தவறாமல் உளி பிடித்த கைகளை வெறும் கூலிக் கைகள் என்று சொல்லத் தகுமா? அது ஒரு கைத்தொழில் நுட்பம். பெரும்பாலும் பெண்களே அதில் தேர்ந்தவர்களாக இருந்தனர்.

இந்த வேலைக்கு விடுமுறை விட்டது மழை. பட்டை நனைந்துவிட்டால் பால் கோட்டின் வழியே கிண்ணத்துக்குள் இறங்காமல் மரமெங்கும் பரவி வழிந்துவிடும். ஆகவே, மழை பெய்த காலையில் வெட்டு இல்லை. வெட்டு இல்லாவிட்டால் பால் எடையும் இல்லை. அன்றைய வருமானமும் இல்லை. ஓய்வு கிடைத்த நாளில் கவலையும் சேர்ந்தே கிடைத்தது. மழைக்காலத்தில் லயத்து வீட்டு வாசலில் நின்று வானத்தைப் பார்த்த ஒருவரிடம் ஒரு வார உல்லாசப் பயணம் என்ற சொல்லைச் சொல்லியிருந்தால், அவர் அதைத் துரைமார் வீட்டுச் செய்தி என்றே எண்ணியிருப்பார்.

ஆயினும், தோட்டத்துப் பிள்ளைகள் விளையாடாமல் வளரவில்லை. ரப்பர்க் காய்கள் முற்றி வெடிக்கும் பருவத்தில் கொட்டைகளைப் பொறுக்கிச் சேர்ப்பார்கள். ஒன்றன்மேல் ஒன்றை வைத்து ஓங்கிக் குத்துவார்கள். உடையாத கொட்டைக்கு உரியவனே வெற்றி பெற்றவன். கொட்டையைத் தரையில் தேய்த்துச் சூடேற்றி, ஏமாந்தவன் கையில் வைத்துவிட்டு ஓடுவதும் உண்டு. திடலில் வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டும் இரவு வந்தால் மாலையிலேயே பாய் விரித்து இடம் பிடிப்பார்கள். மாரியம்மன் திருவிழா மூன்று நாளும் தோட்டம் முழுவதும் விளக்கொளியாக இருக்கும். காசு கொடுத்து வாங்காத இன்பங்கள் இவை. இவற்றைப் பெற்று வளர்ந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று தம்புனில் கூச்சலிட்டுக்கொண்டு நீர்ச்சறுக்கில் இறங்குகிறார்கள். அவர்களின் பெற்றோருக்கு, ஓராண்டு பணியாற்றினால் குறைந்தது 8 நாள் சம்பளத்துடன் கூடிய விடுப்பு உண்டு என்று வேலைவாய்ப்புச் சட்டமே உறுதியளிக்கிறது. முன்னோர் விரும்பியும் பெறாத ஒன்றை இந்தப் பிள்ளைகள் பெற்றிருக்கிறார்கள். அதில் குற்றம் காண ஒன்றுமில்லை. நனைந்த தலையோடு இன்னொரு முறை ஏறட்டும்.

கேள்வி மற்ற நாள்களைப் பற்றியது. விடுமுறையில் எதைப் பார்க்கிறார்களோ அதுவே பிள்ளைகள் மனத்தில் அந்த ஊரின் கதையாகத் தங்கிவிடுகிறது. பேராக்கின் கதையை இன்று யார் கண்வழியே பார்க்கிறார்கள் என்பதைப் பத்து காஜாவுக்கு அருகிலுள்ள கெல்லி மாளிகையில் தெளிவாகக் காணலாம்.

அந்த மாளிகையைக் கட்டத் தொடங்கியவர் வில்லியம் கெல்லி ஸ்மித். ஸ்காட்லாந்தில் 1870-இல் பிறந்த அவர், இருபது வயதளவில் மலாயாவுக்கு வந்தார். காடு திருத்தும் குத்தகை வேலையில் பணம் ஈட்டி, கிந்தா வட்டாரத்தில் நிலம் வாங்கி, கிந்தா கெல்லாஸ் என்னும் ரப்பர் தோட்டத்தை உருவாக்கினார். மகன் பிறந்த 1915-ஆம் ஆண்டு வாக்கில், முன்பே இருந்த வீட்டை ஒட்டிப் பெரிய மாளிகை ஒன்றை எழுப்பத் தொடங்கினார். ஆறு மாடிக் கோபுரம், மின்தூக்கி என ஆசைகள் பெரியவை. 1926-இல் போர்ச்சுகலின் லிஸ்பன் நகரில் நிமோனியாக் காய்ச்சலால் அவர் இறந்துபோனார். மாளிகை முடிவுபெறாமல் நின்றுவிட்டது. அங்கே செல்லும் மாணவர்கள் இந்தக் கதையைக் கேட்கிறார்கள். இரகசியச் சுரங்கப் பாதைகளைப் பற்றிக் கேட்கிறார்கள். ஆவி உலவுவதாகச் சொல்லப்படும் அறையைத் தேடி மாடிப்படி ஏறுகிறார்கள். ஆவிக் கதைக்கு இருக்கும் ஈர்ப்பை எந்த வரலாற்று ஆசிரியராலும் வெல்ல முடியாதுதான்.

ஆனால், அந்தச் சுவர்களை எழுப்பியவர்கள் யார்? சென்னை மாகாணத்திலிருந்து எழுபது கைவினைஞர்கள் இதற்காகவே வரவழைக்கப்பட்டனர். செங்கல்லும் சலவைக்கல்லும் இந்தியாவிலிருந்து கப்பலேறி வந்தன. வேலை நடந்துகொண்டிருந்தபோது, உலகையே உலுக்கிய ஸ்பானிய நச்சுக் காய்ச்சல் அவர்களையும் தாக்கியது, பலர் மாண்டனர். நோய் நீங்க ஒரு கோயில் கட்ட வேண்டும் என்று தொழிலாளர்கள் கேட்டார்கள். ஸ்மித் இணங்கினார். மாளிகையிலிருந்து ஏறத்தாழ ஒன்றரைக் கிலோமீட்டர் தொலைவில் மாரியம்மன் கோயில் எழுந்தது. அதன் மேற்கூரைச் சிற்பங்களுக்கு நடுவே தொப்பியும் மேனாட்டு உடையும் அணிந்த ஓர் உருவம் நிற்கிறது. அது ஸ்மித்தின் உருவம் என்று சொல்லப்படுகிறது.

அந்த உருவத்தைச் சற்று நின்று பார்ப்பது நல்லது. தங்களை வேலை வாங்கிய வெள்ளைக்காரரைத் தொழிலாளர்கள் தங்கள் தெய்வங்களின் வரிசையில் ஓரமாக நிற்க வைத்திருக்கிறார்கள். அது நன்றியா, மரியாதையா, அல்லது கட்டியவர்களுக்கே உரிய ஒரு மெல்லிய குறும்பா? யாரும் எழுதி வைக்கவில்லை. எழுதி வைத்திருந்தால் மாளிகைக் கதை இன்று வேறுவிதமாகச் சொல்லப்பட்டிருக்கும். ஸ்மித்தின் மனைவி பெயர், மக்கள் பெயர், அவர் இறந்த ஊரின் பெயர் எல்லாம் கிடைக்கின்றன. எழுபது கைவினைஞர்களோ கதையில் ஓர் எண்ணிக்கையாக மட்டுமே நிற்கிறார்கள்.

ஆகவே, கெல்லி மாளிகைக்குப் போகும் குடும்பங்களும் பள்ளிகளும் வரிசையை மாற்றிப் பார்க்கலாம். முதலில் கோயிலுக்குப் போக வேண்டும். பிறகு மாளிகைக்கு வர வேண்டும். கோயிலைப் பார்த்துவிட்டு வரும் பிள்ளை, மாளிகையின் செங்கற்களையும் வளைவுகளையும் வேறு கண்ணோடு பார்க்கும். ஒரு வளைவின் கீழ் நின்று படம் எடுக்கும்போது, இந்த வளைவைத் தாங்கிப் பிடித்த முதல் கை யாருடையது என்று கேட்கத் தோன்றும். இதற்குக் கூடுதல் செலவு ஏதுமில்லை. வண்டியை முதலில் எங்கே நிறுத்துவது என்பதில்தான் மாற்றம்.

பத்து காஜாவிலிருந்து சிறிது தொலைவில் தஞ்சோங் துவாலாங் இருக்கிறது. அங்கே டி.டி.5 என்னும் ஈயவாரிக் கப்பல் குட்டையில் மிதந்து நிற்கிறது. 1938-இல் கட்டப்பட்ட இந்த மாபெரும் இயந்திரம் 1982 வரை நிலத்தடி மண்ணைத் தோண்டி ஈயத்தைப் பிரித்தெடுத்தது. அதன் எடை 4,500 டன். இன்று அதற்குள் ஏறிப் பார்க்கலாம். வாளிச் சங்கிலி எப்படிச் சுழன்றது, மண்ணிலிருந்து ஈயம் எப்படிப் பிரிந்தது என்று வழிகாட்டிகள் விளக்குகிறார்கள். தம்புன் கேளிக்கைப் பூங்காவிலும்கூட ஈயத்தின் கதைக்கென ஒரு பகுதி ஒதுக்கப்பட்டிருக்கிறது. மரத் தட்டில் மண்ணை அலசி ஈயம் எடுக்கும் முறையைப் பிள்ளைகள் அங்கே தெரிந்துகொள்ளலாம். சீனப் பெண்கள் இடுப்பளவு நீரில் குனிந்து செய்த கடும் உழைப்பு அது. விளையாட்டுக்கு இடையே அந்த உழைப்பும் கண்ணில் பட வகை செய்திருப்பது பாராட்டத்தக்கது.

கிந்தா பள்ளத்தாக்கை வளர்த்தவை இரண்டு: ஈயமும் ரப்பரும். ஈயத்திற்குக் கிடைத்த கவனம் ரப்பருக்குக் கிடைக்கவில்லை. ஈயவாரி இரும்பால் ஆனது. அது நின்ற இடத்திலேயே நிற்கும். ரப்பர் மரமோ இருபத்தைந்து, முப்பது ஆண்டுகளில் பால் வற்றி வெட்டப்பட்டுவிடும். அந்த இடத்தில் 1960-களுக்குப் பிறகு பெரும்பாலும் செம்பனைதான் நடப்பட்டது. செம்பனைக்கு அத்தனை கைகள் தேவையில்லை. நகரத்திற்கு அருகிலிருந்த தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாயின. லயத்து வீடு வேலையோடு சேர்ந்து கிடைத்த வீடு. வேலை போனபோது வீடும் போனது. கோயிலையும் தமிழ்ப்பள்ளியையும் விட்டுவிட்டு மக்கள் பட்டணத்து ஓரங்களுக்குச் சென்றார்கள். பல பள்ளிகள் மாணவர்களைத் தேடிப் பட்டணத்திற்கே இடம் மாறின. ஆனாலும், பெயர்ப் பலகையில் பழைய தோட்டத்தின் பெயர் அப்படியே இருக்கிறது. அந்தப் பெயரைத் தினமும் சட்டையில் அணிந்துகொண்டு போகும் மாணவர்களில் எத்தனை பேர் அந்தத் தோட்டத்தைக் கண்டிருப்பார்கள்?

எனவே, ரப்பருக்கும் ஓர் இடம் வேண்டும். அது பல கோடி ரிங்கிட் செலவில் எழும்ப வேண்டிய கட்டடமன்று. பல கோடி செலவில் கட்டப்பட்டவை எல்லாம் நிலைப்பதுமில்லை. ஈப்போவின் மேரு ராயாவில் 2017-இல் பெரும் எதிர்பார்ப்போடு திறக்கப்பட்ட அசைவூட்டப் படப் பூங்கா 2020 ஜனவரியில் மூடப்பட்டது. மூன்று ஆண்டுகூட நிறைவடையவில்லை. ரப்பரின் கதையைச் சொல்ல ஒரு சில ஏக்கர் போதும். இரண்டு மூன்று நிரை மரங்கள், ஒரு பெரட்டுக் களம், பழைய லயம் ஒன்று, பால் நிறுக்கும் கொட்டகை, தாய்மார் பிள்ளைகளை விட்டுச் சென்ற ஆயாக் கொட்டகை. புளித்த பாலின் வாடையும் அங்கே இருக்க வேண்டும். அந்த வாடை இல்லாத ரப்பர் தோட்டம் பாதித் தோட்டம்தான். மரக்கன்று பால் தர ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் ஆகும். இன்று நட்டால்தான் இப்போது முதலாம் படிவத்தில் பயிலும் மாணவர் பள்ளியை விட்டுப் போகும் வேளையில் முதல் பாலைப் பார்க்க முடியும்.

இதற்கு எதிராகச் சொல்லப்படும் கருத்தும் எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. தோட்ட வாழ்க்கை துன்பம் நிறைந்தது. அதிலிருந்து வெளியேறியதே வெற்றி. அதைக் காட்சிப்பொருளாக்கி மீண்டும் பார்ப்பானேன் என்று கேட்பவர்கள் உண்டு. லயத்துச் சுவருக்கு வண்ணம் பூசி, வாசலில் வாளியை வைத்து, முகம் காட்டிப் படம் எடுக்கும் இடமாக ஆக்கிவிட்டால் அது வாழ்ந்தவர்களை இழிவுபடுத்துவதாகவே முடியும். இந்த அச்சம் நியாயமானது. அதனால்தான் கதை சொல்லும் பொறுப்பு அங்கே வேலை செய்தவர்களிடம் இருக்க வேண்டும். உளி பிடித்தவரே மாணவருக்கு உளி பிடிக்கக் கற்றுத்தர வேண்டும். அதற்கு அவருக்கு உரிய ஊதியமும் தரப்பட வேண்டும். எல்லாரும் வெற்றியோடு வெளியேறினார்கள் என்பதும் சரியன்று. பலர் வெளியேற்றப்பட்டார்கள். துன்பத்தை மறைத்துவிட்டால் அதோடு சேர்ந்து அவர்களின் திறமையும் ஒற்றுமையும் மறைந்துபோகும்.

அந்த ஒற்றுமைக்குச் சான்று வேண்டுமானால் ஈப்போவிலிருந்து வடக்கே சுங்கை சிப்புட் வழியாகக் கோலகங்சார் வரை ஒரு நாள் பயணம் செய்யலாம். கோலகங்சாரில் மாவட்ட அலுவலகத்திற்கு அருகே ஒரு முதிய ரப்பர் மரம் நிற்கிறது. பிரேசில் நாட்டு விதைகளிலிருந்து இங்கிலாந்தின் கியூ தோட்டத்தில் முளைக்க வைக்கப்பட்ட கன்றுகள் 1877-இல் சிங்கப்பூருக்கு வந்தன. அவற்றுள் ஒன்பதைப் பேராக்கின் பிரிட்டிஷ் ஆட்சியாளர் ஹியூ லோ கோலகங்சாரில் நட்டார். அந்த ஒன்பதில் எஞ்சியது இந்த மரம் என்பர். பயணிகள் அதன்முன் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். ஒரு மரத்திற்கு இந்த மதிப்பு கிடைத்திருப்பது நல்லதே. ஆனால், அம்மரத்தின் வழித்தோன்றல்கள் மலாயாவை நிறைத்தபோது அவற்றைப் பராமரிக்கக் கடல் கடந்து வந்தவர்களின் கதையில் பாதி, வழியிலுள்ள சுங்கை சிப்புட்டில் இருக்கிறது.

துன் வீ. தி. சம்பந்தன் பிறந்த ஊர் அது. 1950-களில் வெள்ளைக்கார முதலாளிகள் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றுவிட்டுப் போகத் தொடங்கினார்கள். தோட்டம் துண்டாடப்பட்டபோது அங்கே வாழ்ந்த மக்கள் வேலையும் வீடும் இழந்து தவித்தனர். தொழிலாளர்களே தோட்டத்தை வாங்கினால் என்ன என்ற எண்ணம் அப்போதுதான் பிறந்தது. 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் தோற்றுவிக்கப்பட்டது. பங்கின் விலை நூறு வெள்ளி. அதை ஒரே தடவையில் கட்ட வழியில்லாதவர்கள் மாதம் பத்து வெள்ளி கட்டலாம். மழை நாளில் வருமானமின்றி வானத்தைப் பார்த்த அதே மக்கள், மாதந்தோறும் பத்து வெள்ளியை எடுத்து வைத்தார்கள். மறு ஆண்டே கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டம் வாங்கப்பட்டது. பின்னர் மேலும் பல தோட்டங்கள் சேர்ந்தன. கெல்லி மாளிகையின் மின்தூக்கியைப் பற்றித் தெரிந்திருக்கும் மாணவருக்கு இந்தப் பத்து வெள்ளியைப் பற்றியும் தெரிந்திருக்க வேண்டும். இரண்டில் பெரிய கட்டுமானம் எது என்பதை அவரே எடைபோடட்டும்.

பயணத்தின் இறுதி இரண்டு நாள்களைக் கடற்கரைக்கு ஒதுக்குவது வழக்கம். பங்கோர் தீவின் தெலுக் நிப்பா கரையில் இருவாட்சிப் பறவைகள் தங்கும் விடுதிகளின் கூரைவரை வந்து உட்காரும். ஈயத்தைச் சேமித்துக் காக்க டச்சுக்காரர்கள் 1670-இல் கட்டிய கோட்டையின் இடிபாடும் அத்தீவில் உண்டு. நெத்திலியும் கருவாடும் வாங்காமல் யாரும் திரும்புவதில்லை. இங்கே தோட்டத்திற்கு என்ன வேலை என்று தோன்றலாம். மாசி மகத்தன்று வந்து பார்த்தால் தெரியும். பங்கோர் பத்திரகாளியம்மன் கோயிலுக்குப் பேராக்கின் பல பகுதிகளிலிருந்தும் மக்கள் படகேறி வருவார்கள். தோட்டத்து மக்களுக்குக் கடற்கரைப் பயணம் இப்படித்தான் அறிமுகமாயிற்று. லாரியில் நெருக்கியடித்து உட்கார்ந்து, கட்டுச்சோற்றை மடியில் வைத்துக்கொண்டு, சாமி கும்பிட்டுவிட்டுக் கடலில் கால் நனைத்துத் திரும்பிய பயணம் அது. கோயிலும் கடலும் ஒரே நாளில் முடிந்துவிடும். மறுநாள் விடியலில் மீண்டும் பெரட்டுக்கு நிற்க வேண்டும். இன்று விடுதியறைச் சன்னலிலிருந்து அதே கடலைப் பார்க்கும் குடும்பத்திற்கு, தாங்கள் இங்கு வந்த முதல் தலைமுறை அல்லர் என்பது தெரிந்தால் கடல் இன்னும் சற்று நெருங்கி வரும்.

இவ்வளவும் சொல்ல வழிகாட்டி எங்கே கிடைப்பார்? பல குடும்பங்களில் அவர் வண்டியின் பின்னிருக்கையிலேயே உட்கார்ந்திருக்கிறார். தனியாக விட்டுவிட்டு வர மனமில்லாமல் அழைத்து வரப்பட்ட பாட்டியோ தாத்தாவோதான் அவர். கேளிக்கைப் பூங்காவில் நிழலான ஓர் இடத்தில் பைகளையும் காலணிகளையும் காவல் காத்துக்கொண்டு அவர் அமர்ந்திருப்பார். தண்ணீரில் இறங்க வெட்கம். சும்மா இருக்கவும் பழக்கமில்லை. பேரப்பிள்ளை நீர்ச்சறுக்கில் இறங்கும்போது மட்டும் எழுந்து நின்று பார்ப்பார். 500 மரங்களை இருட்டில் சீவிய கைகள் அந்த நேரம் ஈரத் துண்டை மடித்துக்கொண்டிருக்கும். அருங்காட்சியகம் எழும்பும்வரை அவர் காத்திருப்பாரா என்பது ஐயம்தான். கடைசியாக உளி பிடித்த தலைமுறைக்கு இன்று வயது அறுபதையும் எழுபதையும் தாண்டிவிட்டது.

ஈப்போவை விட்டுப் புறப்படும் நாளில் புந்தோங் பக்கம் வண்டியைத் திருப்பி, கச்சாங் பூத்தே கிராமத்தில் முறுக்கும் பயறு வகைகளும் வாங்குவது பல குடும்பங்களின் பழக்கம். தமிழ்நாட்டின் எட்டயபுரம் வட்டாரத்திலிருந்து வந்து குடியேறியவர்கள் தொடங்கிய தொழில் அது. தலையில் தட்டைச் சுமந்து, தாளைச் சுருட்டிப் பொட்டலம் கட்டி விற்ற காலம் போய், இன்று நெகிழிப் பைகளில் அடைத்துப் பல ஊர்களுக்கும் அனுப்புகிறார்கள். அங்கே வாங்கிய முறுக்கை வண்டியில் பிரித்துக் கொடுக்கும் நேரம், பின்னிருக்கையைத் திரும்பிப் பார்த்துக் கேட்க ஏற்ற நேரம். பாட்டி எந்தத் தோட்டம்? எத்தனை வயதில் உளி பிடித்தீர்கள்? முதன்முதலில் கடலைப் பார்த்தது எப்போது?

பதிலாக ஒரு தோட்டத்தின் பெயர் வரும். அந்தப் பெயரைக் கைப்பேசி வரைபடத்தில் தேடினால், சில வேளை ஒரு வீடமைப்புப் பகுதி காட்டப்படும். சில வேளை செம்பனைக்கு நடுவே ஒரு கோயில் மட்டும் தெரியும். நெடுஞ்சாலையிலிருந்து இறங்கிச் சிறிது தூரம் போனால் போதும். கோயில் பூட்டியிருந்தாலும் கவலையில்லை. சாவி யார் வீட்டில் இருக்கும் என்று பாட்டிக்குத் தெரிந்திருக்கும்.